ஒரே கருகல், இரண்டு வைரஸ்கள்

பூத்துக் குலுங்க வேண்டிய வாரத்தில் ஒரு புளூபெர்ரிப் புதர் திடீரெனக் கருகி நிற்கிறது. பூக்கள் பழுப்பேறிச் சுருங்குகின்றன. இளந்தளிர்கள் துவண்டு தொங்குகின்றன. உறைபனியோ பூஞ்சையோ என்றுதான் முதலில் தோன்றும். வைரஸாகவும் இருக்கலாம். அப்படியானால் எந்த வைரஸ் என்பதை அறியாமல் புதரில் கைவைக்கக் கூடாது. ஏறக்குறைய இதே தோற்றத்தை இரண்டு வைரஸ்கள் உண்டாக்குகின்றன. இரண்டின் போக்கும் நேர் எதிரானது.

முதலாவது ‘ஸ்கார்ச்’, அதாவது கருகல் வைரஸ். இதைச் சுமப்பது அசுவினி என்னும், செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி. நோயுற்ற இலையில் ஊசி போன்ற வாயைச் சிறிது நேரம் செருகினாலே போதும், வைரஸ் அதன் நுனியில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த செடியைச் சுவைபார்க்கும்போது அங்கே இறங்கிவிடும். வெளியிலிருந்து வரும் அசுவினி, பூச்சிமருந்து வேலை செய்து சாவதற்குள் தொற்றவைத்துவிடுகிறது. தாக்கப்பட்ட செடியில் அறிகுறி தெரிய ஓரிரு ஆண்டுகள் ஆகலாம். சில ரகங்களில் எதுவுமே தெரியாது. நோய்க்கு எளிதில் ஆளாகும் ரகங்களோ ஆண்டுதோறும் கருகி, மெலிந்து, விளைச்சலை இழக்கின்றன.

இரண்டாவது ‘ஷாக்’, அதாவது அதிர்ச்சி வைரஸ். 1987இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் முதலில் கண்டறியப்பட்டது. இது மகரந்தத்தில் பயணம் செய்கிறது. நோயுற்ற செடியின் மகரந்தத்தைத் தேனீ நலமான பூவில் சேர்க்கும்போது, பூவின் வழியே வைரஸ் அந்தச் செடிக்குள் நுழைகிறது. காய்ப்பதற்குத் தேனீ வேண்டும். நோயும் அதே தேனீயோடு வருகிறது. விவசாயிக்கு இதைவிடக் கொடிய இக்கட்டு எது?

ஆனால் ஷாக் தாக்கிய புதர் சாவதில்லை. கருகியவை உதிர்ந்து, புதிய இலைகள் தளிர்த்து, கோடை முடிவதற்குள் பச்சைப்பசேலென நிற்கும். அந்த ஆண்டு காய் மட்டும் மிகக் குறைவாக இருக்கும். சில ஆண்டுகளில் அறிகுறி மறைந்து, காய்ப்பும் பழைய நிலைக்குத் திரும்பும். மீண்டது செடிதான், வைரஸ் போகவில்லை. ஒவ்வொரு பூக்காலத்திலும் அதன் மகரந்தம் அக்கம்பக்கத்துச் செடிகளுக்கு நோயைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே ஷாக் ஏற்கெனவே பரவிய வட்டாரங்களில் புதர்களைப் பிடுங்குவதில் பெரும் பயனில்லை. காத்திருந்தால் விளைச்சல் திரும்பும். ஸ்கார்ச்சில் அப்படிக் காத்திருப்பது பேராபத்து. நோயுற்ற செடியை வேரோடு அகற்றி, அசுவினியையும் கட்டுப்படுத்த வேண்டும். கருகிய பூக்கள் உதிராமல் கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்கார்ச்சைச் சந்தேகிக்கலாம். எனினும் வைரஸின் புரதத்தைத் தேடும் எலைசா அல்லது அதன் மரபணுப் பொருளைத் தேடும் பிசிஆர் என்னும் ஆய்வகப் பரிசோதனைதான் உறுதி சொல்லும். கண்ணை மட்டும் நம்பிப் புதரை வெட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வேறு வைரஸ்களும் உண்டு. இலைகளை வார்போல ஒடுக்கும் ‘ஷூஸ்ட்ரிங்’ வைரஸ் அசுவினியால் பரவுகிறது. நான்கு ஆண்டுகள் வரை மறைந்திருக்கும். மண்ணிலுள்ள நூற்புழுக்கள் வேர்வழியே புகுத்தும் வைரஸ்களும் இருக்கின்றன.

தோட்டத்தில் நிற்கும் செடியைக் குணப்படுத்த மருந்தே இல்லை. வைரஸ் செல்லின் இயந்திரத்தையே பயன்படுத்திப் பெருகுகிறது. செல்களுக்கு இடையிலுள்ள நுண்துளைகளை அகலப்படுத்தி நகர்ந்து, சாற்றுக்குழாய்களில் ஏறிச் செடி முழுவதும் சென்றுவிடுகிறது. புளூபெர்ரியோ பெரும்பாலும் தண்டுக்குச்சிகளிலிருந்து பெருக்கப்படும் பயிர். நோயுள்ள ஒரு தாய்ச்செடியிலிருந்து நூறு குச்சி வெட்டினால், நோயும் அவற்றோடு நூறு இடங்களுக்குப் போகும். ஆனால் தண்டின் வளர்நுனியிலுள்ள மிகச் சிறிய திசுவுக்குள் வைரஸ் பெரும்பாலும் எட்டுவதில்லை. அந்தக் கடுகளவுகூட இல்லாத நுனியை வெட்டியெடுத்து ஆய்வகத்தில் வளர்த்து, பலமுறை பரிசோதித்த பிறகே தாய்ச்செடியாக நாற்றங்காலுக்கு அனுப்புகிறார்கள்.