கவசமே சட்டகமாகவும் இருந்தால்?

நண்டின் ஓட்டைப் பார்த்ததும் அடி தாங்குவதற்கான கவசம் என்றுதான் தோன்றும். அது பாதி உண்மைதான். நண்டுக்குள் எலும்பே கிடையாது, கொடுக்கை இறுக்கும் தசைகள்கூட ஓட்டின் உட்புறத்தைப் பிடித்துக்கொண்டுதான் இழுக்கின்றன, ஆக உடம்பைத் தாங்கும் சட்டகமும் அந்த ஓடுதான்.

ஒரே பொருளுக்கு இரண்டு வேலை. நல்ல சிக்கனம்தான், அதுவும் ஒரே எடையுள்ள கம்பியைவிட உள்ளீடற்ற குழாய் சுலபத்தில் வளையாது என்பதால் நண்டின் கால் மெலிதாக இருந்தும் உறுதியாக நிற்கிறது. தகராறு நண்டு வளரும்போதுதான். இறுகிய ஓடு விரியாது, கழற்றித்தான் ஆக வேண்டும்.

கழற்றுவது லேசான காரியமில்லை. பழைய ஓட்டுக்கு அடியில் மெத்தென்று புது ஓடு உருவாகும். பழையதிலிருந்து கொஞ்சம் கால்சியத்தை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். தடித்த கொடுக்குத் தசை குறுகலான மூட்டு வழியாக வெளியே வர வேண்டுமே, அதனால் அது முன்கூட்டியே சுருங்கிவிடும். அப்புறம் ஓட்டின் பின்பக்கம் பிளக்க, நண்டு பின்னோக்கி நழுவி வெளியே வருகிறது, கண்ணை மூடிய உறை, செவுளின் மேலுறை, இரைப்பையின் உள்ளுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு. வந்த கையோடு தண்ணீரை உறிஞ்சி உடம்பை ஊதிக்கொள்ளும், புது ஓடு அந்தப் பெரிய அளவிலேயே இறுகட்டும் என்று.

அதுவரை கவசமும் இல்லை, சட்டகமும் இல்லை. பிறகு எப்படி நகர்கிறது? நீல நண்டுகளை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் சொன்னது: உள்ளே அடைபட்ட திரவத்தின் அழுத்தமே தற்காலிகச் சட்டகமாகிவிடுகிறது! தண்ணீருக்குள் மிதப்பு விசை கைகொடுப்பதால் இது சமாளிக்கக்கூடியதுதான். நிலத்தில் அந்த உதவி கிடைக்காது. ஜப்பானியச் சிலந்தி நண்டு கடலில் ஏறக்குறைய 3.7 மீட்டர் அகலத்துக்குக் கால் பரப்ப, நிலத்தில் வாழும் கணுக்காலிகளில் மிகப் பெரியதான தென்னை நண்டு சுமார் 4 கிலோவோடு நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் எலும்புக்கு இந்தத் தொல்லை இல்லை. அது உயிருள்ள திசு, ஒருவகைச் செல்கள் கரைக்க இன்னொரு வகை கட்ட, வேலை செய்துகொண்டே வளரும். விலை என்னவென்றால் வெளியே வெறும் தோல்தான். மூளைக்கு மண்டையோடு என்று தனிச் சலுகை.

ஆமை இரண்டையும் கேட்டு வாங்கிய பிராணி. அதன் மேலோடு விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்து உருவானது, எனவே கூடவே வளரும், ஓட்டைவிட்டு ஆமை வெளியே வரும் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் விலா அசையாதே, மூச்சு எப்படி விடுவது? அந்த வேலையை வயிற்றுப் பக்கத் தசைகள் செய்கின்றன.