சிலுவைய பளிச்சுனு கழுவிட்டோம்னு சந்தோஷமா சொன்னாங்க

போன வருஷம் ஒரு கிராமத்து சர்ச்ல இருந்து போன். "எங்க போர் நினைவுச் சிலுவைய வாலண்டியர்ஸ் எல்லாம் சேர்ந்து பளிச்சுனு கழுவிட்டோம், ஆனா அதுல செதுக்கியிருக்கிற வீரர்களோட பேர்ல சிலது இப்ப சரியா தெரியல, மறுபடி செதுக்கித் தர முடியுமா"ன்னு கேட்டாங்க. கேட்டதுமே எனக்கு வயித்த கலக்கிடுச்சு. இங்கிலாந்துல பழைய கல் வேலைகள பாதுகாக்குறது தான் என் தொழில், இந்த மாதிரி போன் வருஷத்துக்கு ரெண்டு மூணாவது வந்துடும்.

நேர்ல போய் பாத்தா வெள்ளையடிச்ச சுவர் மாதிரி நிக்குது. விரல வச்சு லேசா தேச்சேன், கோலமாவு மாதிரி ஒட்டிக்கிட்டு வந்துச்சு. ப்ளீச் ஊத்தி, கம்பி பிரஷ் போட்டு, கடைசியா தண்ணிய பீச்சி அடிக்கிற ப்ரெஷர் வாஷர். பீடத்துல ஒரு பேர்ல 'ஆர்' எழுத்தோட கால் கரைஞ்சு அது 'பி' ஆயிடுச்சு. நூறு வருஷம் மழைய தாங்கின எழுத்து, ஒரு சனிக்கிழமை மத்தியானத்துல ஆளோட குடும்பப் பேரே மாறிப் போச்சு.

ஒரு எழுத்துக்கு இவ்ளோ பதறணுமான்னு கேப்பீங்க. முதல் உலகப் போர்ல செத்தவங்க உடம்ப ஊருக்கு கொண்டு வரக்கூடாதுன்னு 1915-லயே பிரிட்டிஷ் ராணுவம் தடை போட்டுடுச்சு, 1917-ல வந்த, போர்க் கல்லறைகள பாத்துக்கிற இம்பீரியல் வார் கிரேவ்ஸ் கமிஷனும் அதையே பிடிச்சுக்கிச்சு, அதிகாரியா இருந்தாலும் பண்ணையாள் மகனா இருந்தாலும் விழுந்த நாட்டுலயே தான் அடக்கம். அதனால பிரான்ஸ் வரைக்கும் போக வசதியில்லாத ஒரு அம்மாவுக்கு பூ வைக்க இருந்த இடம் இந்தச் சிலுவை தான். பேரு தான் அங்க கல்லறை, அதனால தான் இந்தப் பதற்றம்.

இன்னொரு வேடிக்கை, நிறைய சிலுவைல 1914–1919னு இருக்கும். ஒரு தடவ ஒருத்தர் "தப்பா போட்டுட்டாங்க, 1918னு மாத்திடுங்க"ன்னு சொன்னாரு. 1918 நவம்பர் 11-ல நடந்தது போர் நிறுத்தம் மட்டும் தான், ஜெர்மனியோட வெர்சாய் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது 1919 ஜூன்ல, செதுக்கினவன் சரியா தான் செதுக்கியிருக்கான்.

நல்ல சிலுவை எப்படி இருக்கும்னு பாக்கணும்னா சர்ரேல பஸ்பிரிட்ஜ் சர்ச்சுக்கு போங்க. நம்ம டெல்லி இந்தியா கேட்ட டிசைன் பண்ண அதே லட்யன்ஸ் தான் அதையும் டிசைன் பண்ணாரு, 1922-ல திறந்தாங்க. உயரமா, ஒல்லியா, மேல போகப் போக குறுகும், கை ரெண்டும் குட்டையா உச்சிக்கு பக்கத்துல இருக்கும், அலங்காரம்னு பெருசா எதுவும் கிடையாது. அவருக்கு நெருக்கமான தோட்டக் கலைஞர் ஜெர்ட்ரூட் ஜீக்கிள் அதே சர்ச் வளாகத்துல தான் அடக்கம். இன்னைக்கு அது சட்டப்படி பாதுகாக்கிற சின்னங்களோட பட்டியல்ல கிரேடு 2 ஸ்டார், அதாவது ரெண்டாவது உயர்ந்த தரத்துல இருக்கு. ஆனா பெரிய பேர் இல்லாத சிலுவைக்கும் மதிப்பு குறைச்சல் இல்ல, 2014-லேர்ந்து 2018 வரைக்கும் பழைய சின்னங்கள பாதுகாக்கிற அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்லண்ட் 2,500 போர் நினைவுச் சின்னங்கள பட்டியல்ல சேக்கிறதுன்னு இறங்கினப்போ அதுல சாதாரண கிராமத்து சிலுவைகளும் ஏராளம்.

சரி, தொழிலுக்கு வரேன். போர்ட்லண்ட், பாத் மாதிரி கல்லெல்லாம் சுண்ணாம்புக் கல், ஆசிட் பட்டா கரையும், அவ்ளோ தான். ப்ளீச் ஆசிட் இல்ல, ஆனா அதுவும் கல்லுக்கு ஆகாது. ப்ரெஷர் வாஷர் மேல்தோல உரிச்சுட்டு கல்லும் கல்லும் சேர்ற இணைப்பு வழியா தண்ணிய உள்ள தள்ளும், குளிர்ல அது உறைஞ்சு கல்ல பொளக்கும். இணைப்புல சிமென்ட் பூசுறது அதவிட மோசம், ஏன்னா ஈரம் சிமென்ட் வழியா வெளிய வர முடியாம கல் வழியா வந்து ஓரமெல்லாம் செதில் செதிலா உதிரும், அங்க சுண்ணாம்புச் சாந்து தான் போடணும். உள்ள இரும்புக் கம்பி வச்சு நிறுத்தியிருந்தா துரு ஊதிப் பெருத்து கல்லே விரியும், அதனால செங்குத்தா ஒரு விரிசல் பாத்தீங்கன்னா ஆட்டிப் பாக்காதீங்க, ஆள கூப்பிடுங்க. மேல திட்டுத் திட்டா பாசி மாதிரி படர்ந்திருக்கிற லைக்கன் பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது, விட்டுடுங்க.

அப்புறம், சர்ச் ஆஃப் இங்லண்ட் வளாகம்னா சிலுவைல கை வைக்கிறதுக்கு முன்னாடி டயசிஸ், அதாவது அந்த மறைமாவட்டத்துகிட்ட அனுமதி கேக்கணும், அதுக்கு 'ஃபேகல்ட்டி'னு பேரு. போர் நினைவுச் சின்னங்களுக்காகவே இருக்கிற வார் மெமோரியல்ஸ் டிரஸ்ட்டுகிட்ட ஆலோசனையும் கேக்கலாம். இதெல்லாம் எதுக்கு, தண்ணி தானேன்னு நினைக்கிறாங்க பாருங்க, அங்க தான் கோட்டை விடுறாங்க. முதல்ல போட்டோ எடுங்க, சாயங்காலம் டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சா கண்ணுக்குத் தெரியாத எழுத்து கூட நிழல் கட்டி நிக்கும்.

அந்த ஊர்ல ஒரு வீட்டு ஆல்பத்துல பழைய போட்டோ கிடைச்சுது, அதுல அந்த 'ஆர்' முழுசா இருக்கு, கால் நல்லா நீட்டி செதுக்கியிருக்காங்க. நான் இன்னும் உளிய எடுக்கல. ஒரு குளிர்காலம் போகட்டும், மாவு உதிர்றது நிக்குதான்னு பாத்துட்டு சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.