முதலாளித்துவம்: சொல் வந்த வழியும் அது சேர்த்த மனிதர்களும்

முதலாளித்துவம் மனிதர்களைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா என்று வாதம் தொடங்கினால் அது சீக்கிரம் முடிவதில்லை. ஒருவருக்கு அந்தச் சொல் சுரண்டலின் இன்னொரு பெயர். இன்னொருவருக்கோ, ஊர் பேர் தெரியாதவர்களைக்கூட நம்பிக் கொடுக்கல் வாங்கல் செய்ய வைத்த ஏற்பாடு. இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு வேறு வேறு பொருளைப் பேசுகிறார்கள். அதனால் சொல்லைப் பிரித்துப் பார்த்துவிட்டு வாதத்துக்குப் போவதே நல்லது.

முதல், ஆளி, துவம் என்ற மூன்று துண்டுகள் சேர்ந்தது இந்தச் சொல்.

'முதல்' மிகப் பழைய தமிழ்ச் சொல். தொடக்கம், அடி, வேர் என்றெல்லாம் பொருள் உண்டு. தொழிலில் போடுகிற பணம் என்ற பொருளும் நேற்று வந்ததல்ல. 'முதலிலார்க்கு ஊதியமில்லை' என்று தொடங்குகிறது 449ஆம் குறள். 'ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடையார்' என்கிறது 463ஆம் குறள். வரப்போகிற லாபத்தை நினைத்துக் கையிலிருக்கும் முதலைத் தொலைக்கும் காரியத்தில் அறிவுள்ளவர்கள் இறங்க மாட்டார்கள். கடைவீதியில் இன்று 'முதலுக்கே மோசம்' என்று சொல்கிறோமே, அதே முதல்தான். கைமுதல், முதலீடு, முதலும் வட்டியும் எல்லாம் இந்த வேரில் கிளைத்தவை. மூலதனம் வடமொழி வழி வந்தது. அங்கேயும் 'மூலம்' என்றால் வேர்தான்.

'ஆளி' என்றால் உடையவர், ஆள்பவர். கடனாளி, பங்காளி, தொழிலாளி, அறிவாளி எல்லாவற்றிலும் அதே விகுதி. லாரி டிரைவர் வண்டியின் சொந்தக்காரரை முதலாளி என்பார்; தானே டீ ஆற்றித் தானே கிளாஸ் கழுவும் சின்னக் கடைக்காரரும் முதலாளிதான். இந்தச் சொல் சிங்களத்துக்கும் போய், அங்கே ஊர்க்கடைக்காரரின் பெயராக நிலைத்துவிட்டது. மலையாளிகள் முதலாளி என்பதோடு நிற்காமல் கேபிடலிசத்தையும் 'முதலாளித்தம்' என்கிறார்கள்.

கடைசியில் நிற்கும் 'துவம்' வடமொழி விகுதி. மகத்துவம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகியவற்றில் வருவது. ஆக, முதலாளித்துவத்தை முதலாளியாயிருக்கும் தன்மை என்று விரிக்கலாம். இந்தியில் 'பூஞ்ஜிவாத்' என்பார்கள். பூஞ்ஜி என்றால் முதல். அந்தச் சொல் பணத்தைச் சுட்டுகிறது, நம்முடையது ஆளைச் சுட்டுகிறது. முதலாளி என்றதும் எதிரே தொழிலாளி வந்து நின்றுவிடுகிறார். தமிழில் இந்தச் சொல்லைக் கேட்டவுடன் இரண்டு தரப்பு கண்ணுக்குத் தெரிவதற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, ஐரோப்பாவில் இது எப்படிப் பிறந்தது? லத்தீனில் 'கபுட்' என்றால் தலை. அதிலிருந்து 'தலையாய' என்ற பொருளில் கபிடாலிஸ் வந்தது. கால்நடையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான கேட்டில்கூட இந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலிய நகரங்களின் வணிகர்கள், வட்டிக்கு விடும் அசலையும் தொழிலில் போட்ட தொகையையும் கபிடாலே என்று எழுதத் தொடங்கினார்கள். கேபிடலிஸ்ட், அதாவது முதல் வைத்திருப்பவர் என்ற சொல் 17ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தது. கேபிடலிசம் இன்னும் பிந்தியது. பிரெஞ்சு சோசலிஸ்ட் லூயி பிளாங் 1850இல் அதற்கு ஒரு பொருள் கொடுத்தார்: சிலர் மற்றவர்களை விலக்கிவிட்டு முதலைத் தமதாக்கிக்கொள்வது. மார்க்ஸின் 'மூலதனம்' நூலின் முதல் தொகுதி 1867இல் வந்தது. அதில் முதலாளிய உற்பத்தி முறை என்ற தொடர் நிறைய வரும். கேபிடலிசம் என்ற பெயர்ச்சொல்லை அவர் அதிகம் கையாளவில்லை.

அதாவது இந்தச் சொல் பிறக்கும்போதே குற்றச்சாட்டாகப் பிறந்தது. அதற்கு 100 ஆண்டுகளுக்கு முன்பே இதைப் புகழ்ந்தவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் இந்தச் சொல் இல்லை. வணிகம் என்றுதான் எழுதினார்கள்.

பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் 1720களில் இங்கிலாந்தில் சில ஆண்டுகள் தங்கியிருந்தார். லண்டன் வணிகர்கள் கூடும் ராயல் எக்ஸ்சேஞ்சில் பார்த்ததை 1733இல் வெளியான கடிதங்களில் எழுதினார். யூதரும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் அங்கே ஒரே மதத்துக்காரர்கள் போலப் பேரம் பேசுகிறார்கள். திவாலானவரை மட்டும்தான் அவிசுவாசி என்கிறார்கள். ஒரு சபைக்காரர் இன்னொரு சபைக்காரரின் வாக்கை நம்புகிறார். மதத்தின் பெயரால் மனிதரை எரித்த காலம் ஐரோப்பாவில் முழுதாக முடியாத சமயம் அது. 'எதிரே நிற்பவர் எந்தச் சாமியைக் கும்பிட்டால் எனக்கென்ன, வாக்கைக் காப்பாற்றுவாரா?' என்று கேட்கப் பழகியதை நான் பெரிய அறமாகவே மதிக்கிறேன்.

நம்மிடமும் இப்படியொரு சித்திரம் உண்டு. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தை 'மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினி துறையும்' ஊர் என்கிறது. பல மொழி பேசும் வேற்று நாட்டார் கலந்து இனிதாக வாழும் பட்டினம். அந்த ஊர் வணிகர்கள் தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாக மதித்து, 'கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது' விற்றார்களாம். வாங்கும்போது கூடுதலாக வாங்காமலும், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் இருப்பது. கவிஞர் ஊரைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்நியர்கள் ஒன்றாக வாழ்வதையும் நேர்மையான தராசையும் அவர் பக்கத்துப் பக்கத்து வரிகளில் வைத்ததைக் கவனிக்க வேண்டும். தராசு பொய்த்தால் கலந்து இனிது உறைவதும் போய்விடும்.

கிரேக்க மொழியில் 'கடலாஸோ' என்றொரு வினை உண்டு. பண்டம் மாற்றுவது என்றும் பகைவரோடு சமாதானமாவது என்றும் அதற்கு இரண்டு பொருள். பொருளியலாளர் ஹாயெக், சந்தை ஒழுங்குக்கு இந்த வேரிலிருந்துதான் 'கேடலாக்ஸி' என்று பெயர் வைத்தார். சந்தையில் மாற்றிக்கொள்பவர்கள் பகை நீங்கி நண்பராகிறார்கள் என்பது அவர் நம்பிக்கை. தமிழில் இதற்குப் பக்கத்தில் வரும் சொல் 'பரிமாறு'. பண்டத்தையும் பரிமாறுகிறோம், இலை போட்டுச் சோறும் பரிமாறுகிறோம்.

ஆனால் பண்டம் பரிமாறிக்கொண்டவர்கள் சோறு பரிமாறிக்கொள்வார்களா? சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மோன்டெஸ்கியூ 1748இலேயே இதைப் பார்த்துவிட்டார். வணிகம் முரட்டு வெறுப்புகளை ஆற்றும், நடத்தையை மென்மையாக்கும், ஒன்றையொன்று நம்பியிருக்கும் இரண்டு நாடுகளைச் சமாதானத்துக்குக் கொண்டுவரும் என்றார். இதைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதே இடத்தில் அவர் இன்னொன்றும் எழுதினார்: வணிகம் நாடுகளை இணைக்கிற மாதிரி தனி மனிதர்களை இணைப்பதில்லை, வணிக மனப்பான்மை ஒன்றே ஓங்கிய இடத்தில் மனிதாபிமானச் செயல்கள்கூட விலைக்குத்தான் நடக்கும். புகழ்கிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். திட்டுகிறவர்களுக்கு முதல் பாதி கண்ணில் படுவதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வணிகம், சந்தை. முதல் வேறு வகையில் ஆட்களைச் சேர்க்கும். 1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியபோது, ஆம்ஸ்டர்டாமில் பங்கு எழுதும் பேரேடு டிர்க் வான் ஒஸ் என்ற இயக்குநரின் வீட்டில் திறந்து வைக்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் பணம் போடலாம். அந்த நகரத்தில் மட்டும் 1143 பேர் போட்டார்கள். பெரும் வணிகர்களோடு, அதே வீட்டில் வேலை செய்த நேல்ட்கென் கொர்னேலிஸ் என்ற பணிப்பெண்ணும் 100 கில்டர் எழுதினார். எஜமானரும் வேலைக்காரியும் ஒரே பேரேட்டில் பங்குதாரர்கள். அந்தக் காலத்தில் வேறு எந்தப் பதிவேட்டில் இவர்கள் இரண்டு பேருக்கும் இப்படி ஒரே தகுதி கிடைத்திருக்கும்? முகம் தெரியாத மனிதர்கள் ஒருவரையொருவர் நம்பி ஒரு காரியத்துக்குப் பணம் சேர்த்தது மனித வரலாற்றில் சின்ன விஷயமில்லை.

அந்தப் பணம் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஜாதிக்காய் அன்று இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளில் மட்டும்தான் விளைந்தது. அதை மொத்தமாகத் தனக்கே எடுத்துக்கொள்ள, 1621இல் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்ஸோன் கூன் படையோடு போனார். ஏறக்குறைய 15,000 பேர் வாழ்ந்ததாகக் கணிக்கப்படும் அந்தத் தீவுகளில் ஆயிரம் பேர் அளவே மிஞ்சினார்கள். மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் செத்தார்கள், தப்பி ஓடினார்கள், கப்பலேற்றப்பட்டார்கள். அப்புறம் ஜாதிக்காய்த் தோட்டங்களில் வேலை செய்ய அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். அதே கம்பெனி பழவேற்காட்டில் கோட்டை வைத்திருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து மனிதர்களை விலைக்கு வாங்கிக் கிழக்கே அனுப்பியது. ஆம்ஸ்டர்டாமில் பங்கு வாங்கியவர்களை அந்தப் பேரேடு சேர்த்தது. பாண்டாக்காரர்களுக்கு அதில் இடமில்லை. பேரேட்டில் பெயர் இல்லாதவருக்கு முதல் என்ன கடமைப்பட்டிருக்கிறது என்ற கேள்விக்கு முதலின் உள்ளேயிருந்து பதில் வராது. சட்டம், மதம், மனசாட்சி என்று வேறு எங்கிருந்தாவதுதான் அது வர வேண்டும்.

இன்னும் நெருக்கத்தில் பார்க்க மும்பைப் பஞ்சாலைகளுக்கு வரலாம். ஊரில் பரம்பரை ஊழியத்தில் கட்டுண்டு கிடந்தவர்களுக்கு மில் கூலி பெரிய விடுதலை. ரயில்வேயால் வளரும் நவீனத் தொழில் சாதியின் பரம்பரை வேலைப் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று 1853இல் மார்க்ஸே எழுதினார். மில்லில் ஒரே கூரையின் கீழ் எல்லாச் சாதியும் வேலைக்கு வந்தது. ஆனால் நெசவுப் பகுதிக்குள் தலித்துகளை விடவில்லை. காரணம், நாடா. தறியில் குறுக்கு நூலான ஊடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோகும் கருவி அது. நாடாவில் ஊடை நூல் தீர்ந்தால் புது நூல்கண்டு மாட்டி, அதன் துளையில் வாயை வைத்து உறிஞ்சி நூல் நுனியை வெளியே இழுப்பார்கள். ஒருவர் எச்சில் பட்ட நாடா அடுத்தவர் வாய்க்கும் போகும். தலித் தொழிலாளி வாய் வைத்த நாடாவைத் தொட மற்ற நெசவாளர்கள் சம்மதிக்கவில்லை. நெசவில் கூலி அதிகம். தலித்துகள் கூலி குறைந்த நூற்புப் பகுதியோடு நிறுத்தப்பட்டார்கள். 1928இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தபோது அம்பேத்கர் இந்தக் கதவைத் திறக்கும்படி தொழிற்சங்கத் தலைவர்களிடம் கேட்டார். மில் முதலாளிகளிடம் மட்டும் கேட்டுத் தீரும் விஷயமாக அது இல்லை. சாதி வேலைகளைப் பிரிப்பதோடு வேலை செய்பவர்களையும் பிரிக்கிறது என்று 1936இல் அவர் எழுதினார்.

தமிழ்நாட்டு டீக்கடைகளில் இரட்டைக் குவளையும் அப்படித்தான். கல்லாவில் எல்லார் காசும் ஒரே பெட்டியில் விழுந்தது. தலித்துகளுக்குக் கிளாஸ் மட்டும் வேறு. லாபமே குறி என்றால் கடைக்காரருக்கு எல்லோரும் வாடிக்கையாளர்தானே, ஏன் தனிக் குவளை? ஒரே குவளையில் கொடுத்தால் ஆதிக்கச் சாதி வாடிக்கை போய்விடும் என்பதுதான் அவர் கணக்கு. வாங்குகிறவரின் ரசனையைச் சந்தை எப்படிச் சுமக்கிறதோ அப்படியே அவருடைய வெறுப்பையும் சுமக்கும். அங்கே குவளையை மாற்றியது போட்டி இல்லை. தீண்டாமையை ஒழித்த அரசியல் சாசனத்தின் 17ஆம் பிரிவும், அதைக் குற்றமாக்கித் தண்டிக்கும் 1955ஆம் ஆண்டின் சட்டமும், ஊர் ஊராக நடந்த போராட்டங்களும் தேவைப்பட்டன. இன்னும் சில இடங்களில் தேவைப்படுகின்றன.

இனி, எந்தச் சொல் சரி என்பது. முதலாளித்துவம் பரவலாக வேரூன்றிய சொல். பாடநூல், செய்தித்தாள், மேடை எல்லாவற்றிலும் இருக்கிறது. அதை விலக்க வேண்டியதில்லை. தனித்தமிழ் விரும்புபவர்கள் 'துவம்' நீக்கி முதலாளியம் என்று எழுதுகிறார்கள். பெண்ணியம், மார்க்சியம் போல இயம் விகுதி ஒரு கொள்கையையோ அமைப்பையோ குறிக்கப் பழகிவிட்டதால், என் கணிப்பில் இதுவே பொருளுக்கு நெருக்கம். முதலாளிய, முதலாளியர் என்று திரிக்கவும் எளிது. ஆளை விட்டு முதலையே சுட்ட வேண்டும் என்றால் முதலியம் என்று ஆக்கலாம். இலக்கணம் இடம் தரும். ஆனால் முதலியார் என்ற சொல்லின் சாயல் விழுவதால் குழப்பம் வரும். மூலதனத்துவம் வாயில் நுழையாது.

நான் வேண்டுவது வேறொன்று. கொடுத்து வாங்கும் ஏற்பாட்டைச் சொல்லும்போது வணிகம், சந்தை என்றே எழுதுவோம். ஒருவர் முதல் போட, மற்றவர் கூலிக்கு உழைக்க, லாபம் முதலுக்குப் போகும் அமைப்புக்கு மட்டும் முதலாளியம் அல்லது முதலாளித்துவம் என்ற சொல்லை ஒதுக்குவோம். காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்தது வணிகம். அதை முதலாளித்துவம் என்பது பொருந்தாது. மும்பை மில்லில் இருந்தது முதலாளித்துவம். ஆட்சியாளர்களுக்கு வேண்டியவர்களுக்கே ஒப்பந்தமும் உரிமமும் போவதைச் சலுகைசார் முதலாளித்துவம் என்று எழுதும் வழக்கம் வந்திருக்கிறது. அது நல்ல ஆக்கம். அரசே முதலாளியாக நிற்கும்போது அரசு முதலாளித்துவம் என்று எழுதலாம்.