ஷேக் குடித்தால் சர்க்கரை குறையுமா?

சர்க்கரை நோய் உள்ளவர்கள், பொடியைக் கரைத்துக் குடிக்கும் எடைக்குறைப்பு ஷேக் குடிக்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எந்த ஷேக், எந்த மாத்திரையோடு என்று நானும் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்னால் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டுவிட்டு, பின்னால் பொடி எழுத்தில் மால்டோடெக்ஸ்டிரின் என்று போட்டிருப்பார்கள். மாவுச்சத்தைத் துண்டு துண்டாக உடைத்துச் செய்த பொடி அது. ரத்தத்தில் குளுக்கோஸை ஏற்றுவதில் சாதாரணச் சர்க்கரையையே மிஞ்சும். வழக்கமான சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு மேலே ஒரு ஷேக் குடித்தால் எடை ஏறத்தான் செய்யும்.

ஆனால் ஷேக்கை முற்றிலும் ஒதுக்கவும் முடியாது. பிரிட்டனில் நடந்த 'டைரக்ட்' ஆய்வின் முடிவுகள் 2017-இல் வெளிவந்தன. இரண்டாம் வகை நீரிழிவு வந்து 6 ஆண்டுகளுக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள், சில மாதங்களுக்குச் சாப்பாட்டுக்குப் பதில் ஷேக்கும் சூப்பும் மட்டும் குடித்தார்கள். நாளுக்குச் சுமார் 850 கலோரி. ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரையே இல்லாமல் நோய் தணிந்த நிலையில் இருந்தார்கள். இரண்டாம் ஆண்டில் அது 36 சதவீதம்.

எப்படி? இங்கேதான் கல்லீரல் வருகிறது. இரவு நாம் தூங்கும்போது அது குளுக்கோஸ் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும். 'போதும்' என்று சொல்ல வேண்டியது இன்சுலின். கொழுப்பு மண்டிய கல்லீரல் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஒன்றுமே சாப்பிடாமல் காலையில் ரத்தம் கொடுத்தாலும் சர்க்கரை எகிறியிருப்பது இதனால்தான். உணவு சட்டென்று குறைந்தால் உடல் முந்திக்கொண்டு கைவைப்பது இந்தக் கல்லீரல் கொழுப்பில்! பிரிட்டனின் நியூகாசிலில் ராய் டெய்லர் என்ற நீரிழிவு ஆய்வாளரின் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில் 11 பேர் நாளுக்கு 600 கலோரியில் இருந்தார்கள். ஒரே வாரத்தில் கல்லீரல் கொழுப்பு சுமார் 30 சதவீதம் கரைந்தது; வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு இறங்கியது. தொப்பை ஏறக்குறைய அப்படியே இருக்க, கல்லீரல் மட்டும் திருந்திவிட்டது. இன்சுலினைச் சுரக்கும் கணையம் திருந்தச் சற்றுக் கூடுதல் காலம் பிடித்தது. அங்கிருந்த கொழுப்பு குறைந்து, இன்சுலின் சுரப்பு மீள 8 வாரம் ஆயிற்று.

ஆக, வேலை செய்தது கலோரிப் பற்றாக்குறை. பொடியில் மாயம் ஏதும் இல்லை. மாத்திரையை நிறுத்த உதவும் ஆராய்ச்சியில் யாருக்கு லாபம்? 'டைரக்ட்' ஆய்வுக்கு நிதி கொடுத்தது ஒரு தொண்டு அமைப்பு. இத்தகைய ஆய்வுகளுக்கு அரசுகள்தான் தாராளமாகச் செலவிட வேண்டும் என்பது என் கட்சி.

அந்த ஆய்வில் சர்க்கரை மாத்திரைகளையும் ரத்த அழுத்த மாத்திரைகளையும் முதல் நாளே நிறுத்தினார்கள், மருத்துவக் கண்காணிப்பில். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ வழக்கமான அளவில் எடுத்துக்கொண்டே உணவைக் குறைத்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். முதல் வகை நீரிழிவு, கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாமாக இறங்கவே கூடாது. டாபாகிளிஃப்லோசின் வகைச் சர்க்கரை மாத்திரை இன்னும் வஞ்சகமானது: மாவுச்சத்து மிகவும் குறையும்போது, உடல் கொழுப்பை எரிப்பதால் உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் சேரலாம், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே. குளுக்கோமீட்டர் அதைக் காட்டிக்கொடுக்காது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் மீட்டரை நம்பிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.