மீசையை எண்ணிப் பாருங்கள்

ராமநாதபுரத்தில் மீன் தொட்டிக் கடைக்குப் போய், கண்ணாடியில் ஒட்டுகிற மீன் வேண்டும் என்று கேட்டால், பாலித்தீன் பையில் தண்ணீரோடு விரல் நீளக் கறுப்புக் குட்டி ஒன்றைப் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டிக் கொடுப்பார்கள். பெயர் சக்கர். பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் என்பது பேச்சு. என் தங்கச்சி வீட்டுக்கு அப்படி வந்த சக்கர் இரண்டு வருஷத்தில் ஓர் அடிக்கு மேல் வளர்ந்து, திரும்பக்கூட இடமில்லாமல் தொட்டியில் கிடந்தது. நாலைந்து விரல்கடைக்கு மேல் வளராது என்று சொல்லித்தான் கடையில் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அந்த அளவோடு நின்றுவிடும் சக்கரும் இருக்கிறது. குட்டியில் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதுதான் சிக்கல்.

அப்பா பாம்பனில் வலைத்தொழில் பார்த்தவர். ஆற்று மீன், தொட்டி மீன் எதுவும் அவருக்குப் பழக்கமில்லை. அந்தச் சக்கரை ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டு, "கெளுத்தி சாதிதானே? மீசை எத்தனை இருக்கு?" என்று கேட்டார். அறிவியலும் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

கெளுத்தி இனத்தில் உலகம் முழுக்க மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. எதற்கும் செதில் கிடையாது. வாயைச் சுற்றி மீசை இருக்கும். மீசை முழுக்கச் சுவை மொட்டுகள். கலங்கிய தண்ணீரில், இருட்டில், தரையைத் தடவித்தான் அது இரை தேடுகிறது. நம் நாக்கில் இருக்கிற வேலையை அது முகத்துக்கு வெளியே வைத்திருக்கிறது. எத்தனை சோடி மீசை, எங்கிருந்து முளைக்கிறது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும்.

நம் கடற்கரையில் வலையில் விழும் கடல் கெளிறுக்குப் பொதுவாக மூன்று சோடி: மேல்தாடையில் ஒன்று, கீழ்த்தாடையில் இரண்டு. கண்மாயில் பிடிக்கும் கெளுத்திக்கும் தேளிக்கும் நான்கு சோடி. மூக்குத் துவாரத்தின் பக்கத்தில் கூடுதலாக ஒரு சோடி இருப்பதால் அந்த நான்கு. கடைகளில் 'ஷார்க்' என்று விற்கிற, வெள்ளி மினுங்கும் மீனுக்கு இரண்டே சோடி. கடலோரத்துப் பிள்ளைகள் அதைச் சுறாக்குட்டி என்று நம்பி ஆசையாக வாங்குகிறார்கள். சுறாவுக்கும் அதற்கும் எந்தச் சொந்தமும் இல்லை. பாசா என்ற பெயரில் உணவகத்தில் துண்டு போட்டு வருகிறதே, அந்தப் பங்காசியஸ் கெளுத்தியின் குட்டி அது. ஒரு மீட்டர் தாண்டி வளரக்கூடியது. 'ஷார்க்' என்றே விற்கிற இன்னொன்றும் உண்டு. துடுப்பு கறுப்பாக, நுனி வெள்ளையாக இருக்கும். மீசையை எண்ணினால் மூன்று சோடி. அது கடல் கெளிறுகளின் குடும்பம், அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரையிலிருந்து வந்தது. குட்டியில் நல்ல தண்ணீரில் சமாளித்துவிடும். வளர வளர உப்புத் தண்ணீர் வேண்டும். இது தெரியாமல் வாங்கினால் மீன் கொஞ்சம் கொஞ்சமாக நலிந்து செத்துப்போகும்.

சக்கருக்கு வருவோம். வாய் அடிப்பக்கம் இருப்பதால் மேலிருந்து பார்த்தால் மீசை தெரியாது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது எதிர்ப்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். வட்டமான உறிஞ்சுவாயின் இரு மூலையிலும் ஒவ்வொன்றாக, குட்டையாக ஒரே சோடி. உடம்பு முழுக்கச் சொரசொரப்பான எலும்புத் தகடுகள். தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் மட்டுமே இயற்கையாக இருக்கும் கவசக் கெளுத்திக் குடும்பம் இது. இதில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் வகை. புதிது புதிதாக வந்த வகைகளுக்குப் பெயர் வைத்து மாளாமல், 1988-இல் ஜெர்மனியின் மீன் வளர்ப்புப் பத்திரிகை ஒன்று 'எல் 1', 'எல் 2' என்று எண் கொடுக்கத் தொடங்கியது. அந்த எண்களும் வண்ணத்தையும் புள்ளியையும் பார்த்துக் கொடுத்தவை என்பதால், ஒரே வகைக்கு இரண்டு எண் விழுந்த கதையும் நடந்திருக்கிறது. இந்தக் குடும்பத்தில் நிறத்தை நம்பினால் கெட்டோம்.

நம்ப வேண்டியது முதுகுத் துடுப்பை. விரித்த விசிறியில் குச்சிகள் தெரிவது போல, துடுப்பின் தோலுக்குள் கதிர்கள் தெரியும். முன்னால் தடிமனாக நிற்பது முள். அதை விட்டுவிட்டு மற்றதை எண்ணுங்கள். ஏழு வந்தால், ஒன்று அது சின்ன வகையான ஆன்சிஸ்ட்ரஸ். இல்லையென்றால் ஹைப்போஸ்டோமஸ். ஒன்பதும் அதற்கு மேலும் வந்தால் பெரிதாக வளரும் டெரிகோப்லிக்திஸ். கடையில் பெரும்பாலும் கிடைப்பது இதுதான், பதினொன்று, பன்னிரண்டு கதிர் சாதாரணம். அடிப்பாகம் நீண்டிருப்பதால் துடுப்பை விரிக்கும்போது படகில் பாய் விரித்தது போல் எழும்பும். வயது ஏற ஏற நிறம் மாறும், புள்ளி மாறும். கதிரின் எண்ணிக்கை மாறாது. அதனால்தான் விரல் நீளக் குட்டியிலும் இந்தக் கணக்கு செல்லும்.

என்ன, மீன் துடுப்பை மடக்கியே வைத்திருக்கும். இரை போடும்போதோ இன்னொரு சக்கர் பக்கத்தில் வரும்போதோ சட்டென்று விரிக்கும். அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் படம் எடுத்து, பெரிதாக்கி எண்ணலாம். தங்கச்சி மகள் அப்படித்தான் எண்ணினாள். மூன்று முறை எண்ணி மூன்று முறையும் பன்னிரண்டு.

ஆன்சிஸ்ட்ரஸ் முழுசாக வளர்ந்தாலும் ஐந்து அங்குலம் அளவுதான். வளர்ந்த ஆணின் மூக்கின் மேல் கிளைவிட்ட சதைக் கொம்புகள் முளைக்கும். பெண்ணுக்குச் சின்னதாக ஓரத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. இதை மீசைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. குட்டியில் கொம்பு இல்லாததால்தான் இதுவும் பெரிய சக்கரும் குழம்புகிறது. அப்போதும் ஆன்சிஸ்ட்ரஸின் மூக்கோரம் தகடில்லாமல் வழவழப்பாக இருக்கும். ஒட்டோசின்க்ளஸ் என்று இன்னும் சின்னதொன்று உண்டு, ஒன்றரை, இரண்டு அங்குலம். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே மேலே சொன்ன சக்கர்களுக்கு ஒரு குட்டித் துடுப்பு இருக்கும். இதற்கு அது இருக்காது.

டெரிகோப்லிக்திஸுக்குள்ளேயே வகை பிரிக்க வேண்டுமென்றால் வயிற்றைப் பார்க்க வேண்டும். வெளிறிய வயிற்றில் கறுப்புப் புள்ளிகள் தனித்தனியாக இருந்தால் பர்டாலிஸ். புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து புழு நெளிந்தது போல இருந்தால் டிஸ்ஜங்டிவஸ். புத்தகத்தில் இது தெளிவாக இருக்கிறது; தொட்டியில் அப்படி இல்லை. ஆசியாவில் பரவியிருக்கும் மீன்களில் பாதி புள்ளி, பாதி நெளிவு என்று இடைப்பட்டவை நிறைய. இரண்டும் கலந்து இனப்பெருக்கம் செய்கின்றன என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எங்கள் மீனின் வயிற்றிலும் நடுவில் நெளிவு, ஓரத்தில் புள்ளி. அதற்கு ஒரே பெயரை அழுத்திச் சொல்வது சரியாகாது. டெரிகோப்லிக்திஸ் என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

இவ்வளவு மெனக்கெட்டு ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும்? தொட்டி தாங்காமல் போனதும் பாவம் பார்த்து ஊருணியிலோ கண்மாயிலோ கொண்டுபோய் விடுகிறார்கள். ஐந்து அங்குல மீன் என்று தெரிந்து வாங்கியிருந்தால் அந்த நிலையே வராது. டெரிகோப்லிக்திஸ் தண்ணீரில் காற்று குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கும். அதன் இரைப்பையே நுரையீரல் மாதிரி வேலை செய்யும். ஈரம் இருந்தால் தண்ணீருக்கு வெளியிலும் பல மணி நேரம் தாங்கும். நம் ஊர்க் கண்மாய் கோடையில் சேறாகச் சுருங்கும்போது மற்ற மீன் திணறும், இது கிடக்கும். முட்டையிடக் கரையில் ஆழமாக வளை தோண்டும். மண்கரை அதில் பலமிழக்கும். கடல் உப்பில் கால்வாசி அளவு வரை தாங்குவதால், வைகை கடலைத் தொடுகிற ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கத்துக் கலப்புத் தண்ணீர்கூட அதற்கு ஒரு தடையில்லை. துடுப்பு முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொண்டால் வலையைக் கிழிக்காமல் எடுக்க முடியாது. கெளிறு சிக்கிய வலையைப் பிரித்தவர்களுக்கு இது என்ன பாடு என்று தெரியும்.

அந்த மீனை நாங்கள் ஊருணியில் விடவில்லை. சிமென்ட் தொட்டி வைத்து மீன் வளர்க்கும் ஒருவர் வாங்கிக்கொண்டார். வாளியில் தூக்கிப் போகும்போது அது துடுப்பை முழுசாக விரித்தது. தங்கச்சி மகள் பக்கத்திலேயே நடந்துகொண்டு, வாய்க்குள் மறுபடியும் எண்ண ஆரம்பித்தாள்.