நல்லா கொதிக்க வெச்சோமே டாக்டர்!

பொங்கல், கிடாவெட்டு, கல்யாணம் என்று பெரிய சமையல் நடந்த மறுநாள், வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஒரு குடும்பமே ஓபியில் வந்து உட்காரும். இந்த வாரமும் வந்தார்கள், பாட்டி முதல் பேரன் வரை. மதியம் மீந்த சாம்பார், கூட்டு, பொரியல் எல்லாம் விடிய விடிய அடுப்பு மேடையிலேயே இருந்திருக்கிறது. மறுநாள் அத்தனையையும் ஒரே சட்டியில் கொட்டிப் பழைய குழம்பு வைத்திருக்கிறார்கள். கேட்டால், "தளதளன்னு கொதிக்க வெச்சோமே டாக்டர், அப்புறம் எப்படி?"

இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கொதித்தால் கிருமி சாகும், சரி. ராத்திரி முழுக்க அது குழம்பில் சுரந்து வைத்த நச்சு என்ன ஆகும்? பாம்பை அடித்துக் கொன்றுவிட்டால் ஏறிய விஷம் இறங்கிவிடுமா? பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் முதல்நாள் கொதியிலேயே சாகாமல் தப்பி, குழம்பு ஆற ஆற முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் வாந்தி நச்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. குக்கருக்குள்ளேயே சூடு அவ்வளவுதான், ஆக எத்தனை விசில் விட்டாலும் பயனில்லை. நம் கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் உணவில் சேரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமியின் நச்சும் கொதியைத் தாங்கும். "மோந்து பார்த்தோம், கெடவே இல்லை" என்பதும் பேச்சில்லை, இந்த நச்சுகளுக்கு வாசமும் கிடையாது, ருசியும் கிடையாது.

(எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று நாங்கள் துருவித் துருவிக் கேட்பது சும்மா இல்லை. சாப்பிட்ட ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் இந்த நச்சுகள் மேல்தான் முதல் சந்தேகம். அண்டாவில் மெதுவாக ஆறிய கறிக்குழம்பு என்றால், அதில் பெருகும் வேறு கிருமி பெரும்பாலும் மறுநாள்தான் வயிற்றைப் பிடித்து இழுக்கும்.)

பழைய குழம்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பல வீடுகளில் சட்டி தணலிலேயே கிடந்தது, 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தானே கிருமி பெருகும்? இப்போது கேஸை அணைத்ததும் சூடு இறங்கிவிடுகிறது. அதனால் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் மீந்ததை அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். அண்டாவோடு வைத்தால் நடுக்குழம்பு ஆற மணிக்கணக்காகும். முழுக்க ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள், லேசான சூட்டோடு வைத்தால் ஃப்ரிட்ஜ் ஒன்றும் ஆகிவிடாது. நாலு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போயிருந்தால் உள்ளே இருந்த குழம்பைக் கொட்டிவிடுங்கள்.

மறுநாள் நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, புளிக்கரைசல், குழம்புத்தூள் போட்டு முதலில் கொதிக்கவிடுங்கள். வீட்டில் இருக்கிற பருப்பில் ஒரு கைப்பிடியைப் புதிதாக வேகவைத்துச் சேருங்கள், குழம்பு திக்காகும். அப்புறம் சாம்பார், கூட்டு, பொரியல் எல்லாம் போட்டு, அடி வரை கிளறி, நடுவிலும் கொதி வரும்படி சுண்டவிட வேண்டும். பந்தி இலையில் மீந்ததை இதில் சேர்க்கவே கூடாது. தேங்காய் அரைத்த கூட்டு சீக்கிரம் கெடும், கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் விட்டுவிடுங்கள். சுண்டிய குழம்பை அன்றைக்கே காலி பண்ணுங்கள், மூன்றாம் நாளுக்கு இழுக்காதீர்கள்.

அம்மாக்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சந்தேகமான குழம்பைப் பிள்ளைகளுக்குப் போடாமல், "வீணாப் போகுதே" என்று நீங்கள் சாப்பிட்டுவிடுகிறீர்கள். தயவுசெய்து கொட்டிவிடுங்கள். உங்கள் வயிறும் வயிறுதான்.

வாந்தி வந்துவிட்டதா? ஓஆர்எஸ் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய, வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், ஆன்டிபயாட்டிக் எழுதச்சொல்லி எங்களையும் வற்புறுத்தாதீர்கள், நச்சுக்கு அது மருந்தில்லை. மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, குழந்தை சோர்ந்து கண் சொருகுகிறது என்றால், நடுராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.