ராணுவ முகாமில் சமையல் வேலை: கையெழுத்துக்கு முன் படிக்க வேண்டியவை

டர்பனில் ஒப்பந்தச் சட்டம் சார்ந்து வழக்கறிஞராகப் பணிபுரியும் என்னிடம், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளிலிருந்து நம்மவர்கள் கொண்டுவரும் வேலை ஒப்பந்தங்களில் ஒரு வகை உண்டு. சமையல்காரர், கனரக வாகன ஓட்டுநர், குளிர்பதன மெக்கானிக், ஆம்புலன்ஸ் உதவியாளர் என்று வேலையின் பெயர் சாதாரணமாக இருக்கும். பணியிடம் மட்டும் அயல்நாட்டுப் படைமுகாமாக இருக்கும். "நான் என்ன துப்பாக்கியா தூக்கப் போகிறேன், அண்டாவைத்தானே தூக்கப் போகிறேன்" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, தென்னாப்பிரிக்கச் சட்டம் அண்டாவையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பதைத்தான்.

எக்சிக்யூட்டிவ் அவுட்கம்ஸ் என்ற தென்னாப்பிரிக்க நிறுவனம் 1990களில் அங்கோலாவிலும் சியரா லியோனிலும் அந்நாட்டு அரசுகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டு போரில் இறங்கிய பின்னணியில், 1998ஆம் ஆண்டு வெளிநாட்டு ராணுவ உதவி ஒழுங்குமுறைச் சட்டம் இங்கே இயற்றப்பட்டது. ஆயுத மோதலில் ஈடுபட்டுள்ள ஒரு தரப்புக்கு ஆலோசனை, பயிற்சி, ஆள், பணம், தளவாட உதவி, உளவுத் தகவல், ஆள்சேர்ப்பு, மருத்துவச் சேவை, கருவிக் கொள்முதல் ஆகியவற்றில் எதை வழங்கினாலும் அது ராணுவ உதவியே என்று அச்சட்டம் வரையறுக்கிறது. உணவு, எரிபொருள், வாகனப் பராமரிப்பு எல்லாம் தளவாட உதவிக்குள் வந்துவிடக்கூடியவை. போரில் சிக்கிய பொதுமக்களின் துயர் துடைக்கும் மனிதாபிமானப் பணிக்கு விலக்கு இருக்கிறது. படையினருக்குச் சோறு போடுவதை அந்த விலக்குக்குள் திணிக்க முடியாது.

பலரும் கவனிக்கத் தவறுவது, இச்சட்டம் இரண்டு படிகளில் அனுமதி கேட்கிறது என்பதை. சேவை வழங்க முன்வருவதற்கே ஓர் அனுமதி வேண்டும். பின்னர் கையெழுத்தாகும் ஒப்பந்தத்துக்குத் தனியாக ஒப்புதல் வேண்டும். தேசிய மரபு ஆயுதக் கட்டுப்பாட்டுக் குழு விண்ணப்பத்தைப் பரிசீலிக்க, பாதுகாப்பு அமைச்சர் முடிவெடுப்பார். குற்றம் நாட்டுக்கு வெளியே நடந்திருந்தாலும் இங்கே வழக்குத் தொடரலாம். அபராதம், சிறை, கருவிகள் பறிமுதல் ஆகிய மூன்றுக்கும் இடமுண்டு. ஆப்பிரிக்க நாடான ஈக்வடோரியல் கினியில் 2004இல் கூலிப்படையை வைத்துத் திட்டமிடப்பட்ட ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி தொடர்பில், ஹெலிகாப்டர் வாடகைக்குப் பணம் கொடுத்த விவகாரத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட மார்க் தாட்சருக்கு (முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் மகன்) 2005 ஜனவரியில் இச்சட்டத்தின் கீழ்தான் 30 லட்சம் ராண்ட் அபராதம் விதிக்கப்பட்டது.

அதே விவகாரத்தில் ஜிம்பாப்வேயில் பிடிபட்ட 69 பேர், தங்களுக்காகத் தலையிடும்படி தென்னாப்பிரிக்க அரசுக்கு ஆணையிடக் கோரி வழக்குத் தொடுத்தனர். அயல்நாட்டில் அகப்பட்டுக்கொண்ட குடிமகன் உதவி கேட்கலாம், அரசு அதை முறையாகப் பரிசீலிக்க வேண்டும், ஆனால் தூதரகப் பாதுகாப்பை உரிமையாகக் கோர முடியாது என்பது 2004 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் சாரம். "ஏதாவது ஆனால் எம்பஸி பார்த்துக்கொள்ளும்" என்ற நம்பிக்கையோடு வருகிறவர்களிடம் இதைப் படித்துக் காட்டுகிறேன். நல்ல சம்பளம் என்ற பேச்சை நம்பிப் போய் உக்ரைனின் டொன்பாஸ் போர்முனையில் சிக்கிக்கொண்ட 17 தென்னாப்பிரிக்கர்களிடமிருந்து உதவிக் கோரிக்கை வந்ததாக 2025 நவம்பரில் குடியரசுத் தலைவர் அலுவலகம் அறிவித்தபோது, அவர்களில் 16 பேர் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தவர்கள்.

சட்ட அனுமதி சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்துப் பார்க்க வேண்டியது ஒப்பந்தச் சங்கிலி. அரசு ஒரு பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்யும். அந்த நிறுவனம் உணவுப் பகுதியை இன்னொருவருக்கு உபஒப்பந்தம் விடும். அவர் ஆளெடுக்கும் வேலையை ஓர் ஏஜென்டிடம் கொடுப்பார். தலைமை ஒப்பந்தத்தில் அரசு விதித்த கடமைகளில் பல, கடைசி உபஒப்பந்தம் வரை இறங்கி வர வேண்டியவை. எவை இறங்கி வரவில்லையோ அங்கேதான் ஆள் மாட்டிக்கொள்கிறார்.

அமெரிக்க அரசின் ஒப்பந்தங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள்கடத்தலைத் தடுக்க அவற்றில் கட்டாயமாகச் சேர்க்கப்படும் விதியின்படி, தொழிலாளியிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்கக் கூடாது. அவருடைய பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கக் கூடாது. எழுத்து வடிவிலான வேலை ஆவணம் தேவைப்படும் இடங்களில், அவருக்குப் புரியும் மொழியில், அவர் புறப்படுவதற்குக் குறைந்தது 5 நாட்களுக்கு முன்பே அது அவர் கைக்கு வந்துவிட வேண்டும். விமான நிலையத்தில் வைத்துக் கையெழுத்து வாங்கும் ஏஜென்டை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். திரும்பி வரும் பயணச் செலவு யாருடையது என்ற வரியும் தெளிவாக இருக்க வேண்டும். (1860இல் ட்ரூரோ கப்பலில் மதராசிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்து இறங்கியவர்களுக்குக்கூட, 10 ஆண்டு இருந்தால் இலவசமாகத் திரும்பலாம் என்ற விதி இருந்தது.)

அமெரிக்கப் படைகளோடு களத்துக்குச் செல்பவருக்கு அங்கீகாரக் கடிதம் ஒன்று வழங்கப்படும். உணவு, தங்குமிடம், போக்குவரத்து, மருத்துவம் என்று அரசு தரக்கூடிய வசதிகளின் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சிறு கட்டமும் அதில் இருக்கும். குறியிடப்பட்டது கிடைக்கும், மற்றதெல்லாம் கம்பெனியின் பொறுப்பு. பொது மருத்துவத்துக்கான கட்டம் காலியாக இருந்தால், படை மருத்துவமனை உயிர், உறுப்பு, கண்பார்வை போகும் நிலையில்தான் கைகொடுக்கும், அந்தச் செலவையும் பிறகு கம்பெனியிடம் வசூலிக்கும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று யோசித்துப் பார்த்தால் இந்தக் கட்டத்தின் மதிப்பு விளங்கும்.

கம்பெனி நடத்துபவர்களுக்கும் ஒரு சொல். பணியிலுள்ள ஆபத்தை ஒப்பந்ததாரரே ஏற்கிறார் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் விதி வெளிப்படையாகச் சொல்கிறது. ஊழியர் இறந்தால் குடும்பத்துக்குச் செய்தி சொல்வதும் ஒப்பந்ததாரரின் கடமை. அரசு தன் வசதிக்காக எப்போது வேண்டுமானாலும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். அந்த உரிமை உங்கள் உபஒப்பந்தத்திலும் எழுதப்பட்டிருந்து, வாங்கி வைத்த சரக்குக்கும் ஆட்களைத் திருப்பி அனுப்பும் செலவுக்கும் ஈடு எழுதப்படாமல் இருந்தால், நஷ்டம் முழுவதும் உங்கள் தலையில்தான் விழும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் சற்று நிதானிக்க வேண்டும். 1941இல் இயற்றப்பட்ட அமெரிக்கப் பாதுகாப்புத் தளச் சட்டம், இத்தகைய ஒப்பந்தங்களில் நாட்டுக்கு வெளியே வேலை செய்பவர் எந்த நாட்டவரானாலும் காயத்துக்கும் மரணத்துக்கும் ஈடு வழங்கச் சொல்கிறது. காயம்பட்டால் 30 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவித்து, பொதுவாக ஓராண்டுக்குள் கோரிக்கை தாக்கல் செய்ய வேண்டும். ஆனால் அமெரிக்காவிலோ கனடாவிலோ வசிக்காத அயல்நாட்டவருக்கு, எதிர்காலத் தவணைகளை ஒரே தொகையாக மாற்றி, அதில் பாதியை மட்டும் கொடுத்துக் கணக்கை முடிக்க அதே சட்டம் வழி விடுகிறது. இது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனாலும் சட்டம் அப்படித்தான் நிற்கிறது.

மரண ஈடு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்தான் போகும். அவர்கள் இல்லாவிட்டால், காயம்பட்ட நாளுக்கு முந்தைய ஓராண்டு இறந்தவர் ஆதரித்து வந்த தாய் தந்தையருக்கு. நம் குடும்பங்களில் கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்டு, உள்துறை அலுவலகத்தில் திருமணத்தைப் பதிவு செய்யாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இந்து மனைவியை, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்துக்கு வாரிசாக டர்பன் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட தீர்ப்பு ஒன்று உண்டு என்றாலும், வெளிநாட்டு இன்சூரன்ஸ் நிறுவனம் கேட்பது அரசு வழங்கிய திருமணச் சான்றிதழைத்தான். ஆகவே முகாம் வேலைக்கு ஒப்பந்தம் வந்திருப்பவர்கள், மருத்துவப் பரிசோதனைக்குப் போகும் அதே வாரத்தில் திருமணத்தையும் பதிவு செய்து, சான்றிதழோடு ஒப்பந்தம், அங்கீகாரக் கடிதம், இன்சூரன்ஸ் எண் ஆகியவற்றின் நகல்களையும் வீட்டில் கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டும்.